ஏற்காடு இறங்க ஒரு பிரேக்

ஏப்ரல் 6, திங்கள்

செபாஸ்டின் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினேன். மனசே இல்லை. போர்ட்டிகோ காலியாகக் கிடக்கிறது, தரையில் ஆயில் கறை மட்டும் இருக்கிறது.

பின்னால் யாரும் என்னிடம் கதை விடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக். புது மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது அதுதான். ஆயில் போகப் புது ஹோஸ். பின்னால் பழைய டிரம் அப்படியே இருக்கும். பத்து நாள் வேலை டீச்சர் என்றான் செபாஸ்டின். எட்டாம் வகுப்பில் என் விசிலுக்குப் பயந்து மைதானத்தைச் சுற்றி ஓடியவன்தான். அப்போதும் பாதிச் சுற்றில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, முழுசாக ஓடினேன் என்பான்.

போன லீவில் அவரும் நானும் இந்த ஃபியட்டில் ஏற்காடு போய் இறங்கும்போதுதான் பிரேக் கைவிட்டது. டிரம் சூடேறி, தீய்ந்த வாடை அடித்து, பெடல் அடிவரைக்கும் போனது. ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓரமாக மண்ணில் ஏற்றி நிறுத்தினார். சட்டை முழுக்க வியர்வை. அந்தக் காலத்து வண்டி, நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, மலை இறங்கச் சொன்னால் என்ன செய்யும்? சூடு ஆறும்வரை பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். "அடுத்த தடவை முழுசா வந்துடறேன் மங்கை. டிஸ்க் பிரேக் போட்டுட்டு ஏறலாம்" என்றார்.

அடுத்த தடவை இந்த ஜூன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் தோஹாவுக்குப் போனவர். கிரேனுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறார். இருபத்தாறு வருஷமாக லீவில் வருகிறார், லீவு முடிந்து போகிறார். முழுசா என்ற வார்த்தை அதற்கு முன்னால் அவர் வாயில் வந்ததில்லை. அதை நம்பித்தான் நான் போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கினேன். அவர் வீட்டில் இருக்கும்போது நான் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டிருக்கக் கூடாது.

ஏப்ரல் 10, வெள்ளி

அவருக்கு லீவு நாள். போனில் பேசினார். வண்டியைப் பட்டறையில் விட்ட விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வந்து போடலாம்னு இருந்தேனே."

"வந்ததும் வராததுமா வெயில்ல வண்டிக்கு அடியில கெடக்கணுமா? பேசாம வாங்க."

சரி என்றார். கேஸ் வந்துவிட்டதா, வீட்டு வரி கட்டியாகிவிட்டதா என்று கேட்டார். எல்லாம் ஆச்சு என்றேன். முதுகு வலிக்கிறது என்று புது மெத்தை வாங்கியிருக்கிறாராம், நல்ல கனமான மெத்தையாம். ஜூன் வரைக்கும் படுக்கிறதற்கு மனுஷனுக்கு ஒரு மெத்தை வேண்டாமா? வேண்டும்தானே.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. நாத்தனார் தமயந்தி செவ்வாப்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பண்டிகைக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அண்ணி, அண்ணன் ஏதாச்சும் சொல்லுச்சா?" என்றாள்.

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. பாயசம் நல்லாருக்கு."

பாயசம் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை. பால் திரிந்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம். போகும்போது பிரிட்ஜில் மிச்சம் இருந்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இவளுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

பட்டறைக்குப் போனேன். பூட்டு.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்று ஆள் அகப்பட்டான். மாமனார் வீட்டில் விசேஷமாம். வாய் கிழியப் பேசுகிறான். ஆனாலும் வேலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

பழைய டிரம்மைக் கழற்றிக் காட்டினான். ஒரு வட்டச் சட்டிக்குள் இரண்டு கட்டைகள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தவேண்டும். சட்டிக்குள் சூடு ஏறினால் வெளியே போக வழியில்லை. புதுசு அப்படி இல்லை. சக்கரத்தோடு ஒரு தட்டு சுற்றும், காலிபர் என்கிற கவ்வி இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கும். தட்டு வெட்டவெளியில் இருப்பதால் காற்றில் ஆறிவிடும். வேறு சின்ன வண்டியின் தட்டும் கவ்வியும்தான், நம் வண்டியில் உட்கார்வதற்கு லேத்தில் ஒரு தாங்கி செய்து வாங்கியிருக்கிறான். தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

பிரேக் ஆயிலை மட்கார்டில் சிந்திவிட்டான். அது பெயின்ட்டைத் தின்றுவிடும். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். செபாஸ்டின் சட்டையைக் கழற்றியே துடைத்தான்.

ஏப்ரல் 24, வெள்ளி

தமயந்தி வீட்டுக்காரரின் சிநேகிதர் தோஹா போகிறாராம், ஏதாவது கொடுத்துவிடு என்றார் அவர். எலுமிச்சங்காய் ஊறுகாய் கேட்டார்.

"சின்ன பாட்டில் போதாது மங்கை. பெரிய ஜாடியாவே குடுத்துவிடு."

பெரிய ஜாடியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு வரும். அறையில் இருக்கிற பையன்களுக்கெல்லாம் கொடுப்பார். தாராளக் கை.

வருகிற தேதி இன்னும் சொல்லவில்லை. டிக்கெட் விலை இறங்கட்டும் என்று பார்க்கிறாராக இருக்கும். நானும் கேட்கவில்லை. கேட்டால் நச்சரிக்கிற மாதிரி ஆகிவிடும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

எல்லாம் மாட்டியாகிவிட்டது. இனி ஆயில் குழாயில் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும், காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருத்தர் சக்கரத்தடியில் காலிபரில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். கூட வேலை செய்கிறவன் லீவாம். நானே மிதிக்கிறேன் என்றேன்.

"அமுக்குங்க டீச்சர்... அமுக்குங்க... பிடிங்க. இப்ப விடுங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். கல்யாணமான புதுசில் இதே வேலையை நாங்கள் இரண்டு பேரும் செய்தோம். வாடகை வீட்டு வாசல். அப்போதுதான் இந்த வண்டியைப் பழசாக வாங்கியிருந்தார். அவர் அடியில் படுத்திருந்தார், நான் சீட்டில். அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அமுக்கு மங்கை, பிடி மங்கை. ஒவ்வொரு தடவையும் பேரைச் சொன்னார். பேரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அங்கே வேறு யார் இருந்தார்கள்? அதற்காகவே தப்பு தப்பாக மிதித்தேன்.

அந்த மனுஷன் எனக்கு வேண்டும். இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமும் வேண்டும். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

காற்று எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரியே அமுங்குகிறது, பிடிக்கவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

மறுபடியும் மிதி மிதி என்று மிதித்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது. அதே பஞ்சு.

மத்தியானம் வீடியோவில் அவரைக் கூப்பிட்டு பானெட்டைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தார். முகமே மாறிவிட்டது, சின்னப் பையன் மாதிரி ஒரு ஆர்வம். இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் காட்டு என்றார். "மாஸ்டர் சிலிண்டர்ல ஏதோ இருக்குது. நேர்ல கை வெச்சாதான் தெரியும். நீ விட்டுடு, நான் வந்து பாத்துக்கறேன்."

"நீங்க வர்றதுக்குள்ள செபாஸ்டின் முடிச்சுடுவான்."

"அவன் கிடக்கறான். நான் வந்து பாக்கறேன்னு சொல்றேன்ல. அப்படியே இருக்கட்டும், நான் வந்து பாக்கறேன்."

இரக்கப்பட்டு மனுஷன் எனக்காகச் சொல்கிறார். அங்கே வெயிலில் உழைத்துவிட்டு இங்கேயும் வந்து உழைக்க வேண்டுமா? நான் விடுவதாக இல்லை.

மே 2, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! நான்தான் கண்டுபிடித்தேன், செபாஸ்டின் இல்லை.

காலையில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து தண்ணீர் வரவில்லை. குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. இது மாசத்துக்கு ஒரு தடவை நடக்கிறதுதான். மாடிக்குப் போய் உயரத்தில் இருக்கிற குழாயைத் திறந்துவிட்டேன், புஸ் என்று காற்று போய்த் தண்ணீர் வந்துவிட்டது. கீழ்க் குழாயைத் திறந்தால் நாள் முழுக்க ஒழுகுமே தவிரக் காற்று போகாது. படியில் இறங்கும்போதுதான் பொறி தட்டியது. நேரே பட்டறைக்குப் போய் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தால், இரண்டு காலிபரிலும் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. காற்று மேலே நிற்கிறது, இவன் கீழே ஓட்டையைத் திறந்து நாள் கணக்கில் என்னை மிதிக்க விட்டிருக்கிறான்.

"செபாஸ்டின், இது எந்தப் பக்கத்துக் காலிபர்?"

குனிந்து பார்த்தான். எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறான்.

"வேற வண்டி சாமான் டீச்சர், ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு..."

"பூசி மெழுகாத. கழட்டி மாத்து."

மாற்றினான். நிப்பிள் மேலே வந்தது. நான் மிதிக்க, குமிழ் கொப்பளித்து வந்தது, கொஞ்ச நேரத்தில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. அழகாபுரம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினேன். தொட்டால் போதும், இழுக்காமல் கொள்ளாமல் நேராக நிற்கிறது. ரோட்டிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மே 3, ஞாயிறு

விடிந்ததும் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். டேங்க் கதையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.

"ஓ" என்றார். பிறகு, "அப்ப வேலை முடிஞ்சுடுச்சு" என்றார்.

"முடிஞ்சுது. நீங்க வந்து ஒண்ணுக்கும் அலைய வேண்டாம். தண்ணி மோட்டார் மாத்தியாச்சு, மாடி ஒழுகலை அடைச்சாச்சு, இப்ப பிரேக்கும் ஆச்சு. வீட்டுல ஒரு வேலை பாக்கி இல்ல."

"நல்லது. கெட்டிக்காரிதான் நீ. டியூட்டிக்கு நேரமாச்சு."

வைத்துவிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டதாம். களைப்பாக இருக்கும்.

மே 17, ஞாயிறு

காலையில் மலை பளிச்சென்று தெரிந்தது. வண்டியை மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். ஒரு கொண்டை ஊசிகூட ஏறவில்லை. அவரோடுதான்.

மே 25, திங்கள்

தேதி சொல்லிவிட்டார்! சனிக்கிழமை வருகிறார். ஜூன்கூட ஆகவில்லை, முன்னாலேயே வருகிறார். நான்தான் கண்டதையும் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் என்று இங்கே எழுதவில்லை, எழுதாததே நல்லதாகப் போயிற்று.

அவருடைய பீரோ தட்டைக் காலி செய்தேன். என் சேலைகள்தான் அங்கே குடியேறியிருந்தன. தமயந்திக்குப் போன் செய்தேன். "வரட்டும் அண்ணி" என்றாள், அவ்வளவுதான். அண்ணன் வருகிறான் என்றால் குதிக்கிறவள்.

மே 31, ஞாயிறு

நேற்று வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. வாசலில் செருப்பைப் பார்த்தவுடனே எனக்கு அழுகை வந்தது, சமையல்கட்டுக்குள் போய்விட்டேன்.

ஒரே ஒரு பைதான் கொண்டுவந்திருக்கிறார், தோளில் மாட்டுகிற பை. மிச்சம் கார்கோவில் வரும் போல.

ஜூன் 2, செவ்வாய்

காலையில் வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தின் இடுக்கு வழியாகத் தட்டைப் பார்த்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார். "நல்லாவே பண்ணியிருக்கான்" என்றார். சாவியை நீட்டினேன். "நீயே ஓட்டு, உனக்குத்தான் பழக்கம்."

பிறகு வீட்டைச் சுற்றினார். குழாய்களைத் திறந்து மூடினார். ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினார். மோட்டாரைப் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். எல்லாம் நன்றாக ஓடியது. எனக்குப் பெருமைதான். கடைசியில் பழைய டூல் பாக்ஸை எடுத்து வைத்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, திரும்ப அடுக்கி, மூடி வைத்துவிட்டார்.

ஜூன் 5, வெள்ளி

ஏற்காடு போனோம்.

நான் ஓட்டினேன். ஏறும்போது அவர் நிறையப் பேசினார். மழை பெய்திருந்தது, காட்டு மல்லி வாசனை வந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது தோள் அவர் தோளில் இடிக்கிறது. அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும் இருக்கிறது.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்றைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"வேலையை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிட்டேன் மங்கை. திங்கக்கிழமை போறேன். போன்ல சொல்ல மனசு வரல."

பஜ்ஜி என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை.

"யாரைக் கேட்டு நீட்டினீங்க?"

பஜ்ஜி சுற்றிய காகிதத்தை மடித்தார்.

"நான் வேலையை விட்டுட்டு உக்காந்திருக்கேன். யாரைக் கேட்டு நீட்டினீங்க?"

"கேக்கலதான்" என்றார். "அங்க காலைல எவனாச்சும் கதவைத் தட்டுவான். அண்ணே, கிரேன் இறங்க மாட்டேங்குது, வாங்கன்னு. நான் போனாத்தான் அது இறங்கும். இங்க நான் என்னத்துக்கு? ஒவ்வொரு லீவுலயும் வந்து பாக்கறேன், நான் செய்ய ஒண்ணும் மிச்சமில்ல. மோட்டார் மாத்திட்ட. ஒழுகலை அடைச்சுட்ட. பிரேக்காச்சும் எனக்குன்னு இருக்கும்னு நெனச்சேன். நான் வந்து பாக்கறேன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒரு மாசம் பொறுக்க முடியல உன்னால. மேனேஜர் மாசக்கணக்கா கேட்டுக்கிட்டு இருந்தான், நீ முடிஞ்சுதுன்னு சொன்ன அன்னிக்கு சாயந்தரம்தான் சரின்னு சொன்னேன்."

"உங்களுக்காகத்தானே செஞ்சேன். நீங்க வந்தா கஷ்டப்படக் கூடாதுன்னு."

"தெரியும். அதனாலதான் சொல்ல முடியல. பயமா இருக்கு மங்கை. வந்து உக்காந்தா, யாருக்கும் வேண்டாத ஆளா உக்காந்திருவேனோன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு ஏரியில் தள்ளியிருப்பேன். ஊருக்கே தெரிந்திருக்கிறது, தமயந்திக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கும் தெரிந்துதான் இருந்தது. மெத்தை, ஊறுகாய், ஒற்றைப் பை. தெரியாத மாதிரி இருந்தேன். எழுந்து வண்டிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து ஏறினார்.

இறங்கும்போதும் நான்தான் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு மிதித்தேன். பிரேக் ஒரு இடத்தில்கூட ஏமாற்றவில்லை, வாடை வரவில்லை. அதெல்லாம் இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. அப்போது அதைக் கவனிக்கிற நிலையிலா இருந்தேன்? பாதி மலை இறங்கியதும் ஓட்ட முடியவில்லை. கண் மறைத்தது. அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டினேன்.

"எனக்கு உங்களால ஒரு வேலையும் ஆக வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது.

"முழுசா கேளுங்க. வேலை செய்ய ஆள் இருக்கு. செபாஸ்டின் இருக்கான், பிளம்பர் இருக்கான், கரண்டுக்கு ஆள் இருக்கு. கூப்பிட்டா வருவாங்க, கூலி வாங்கிட்டுப் போவாங்க. சும்மா இருக்கத்தான் எனக்கு ஆள் இல்ல. ஹால்ல சும்மா உக்காந்து, பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு, காபி ஆறிப்போச்சுன்னு கத்த ஒரு ஆள் இல்ல. நான் பேசறதைக் காதுல வாங்காம ம் ம்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. அதுக்கு எவனைக் கூலிக்குக் கூப்பிடறது?"

பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். இடமிருக்கு, போய்யா என்று கையை நீட்டிக் கத்தினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. நான் அவர் அழுது பார்த்ததில்லை, அவர் அம்மா போனபோதுகூட அவர் தோஹாவில்தான் இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நான் வண்டியை எடுத்தேன்.

ஜூன் 8, திங்கள்

போய்விட்டார். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். கையெழுத்துப் போட்டாச்சு, போகாமல் இருக்க முடியாது என்றார். இரு என்று நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை மலையிலேயே சொல்லிவிட்டேன், கெஞ்ச எனக்கு வராது.

வீட்டுக்கு வந்து அவர் படுத்த பக்கத்தில் படுத்தேன்.

ஜூன் 10, புதன்

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. செபாஸ்டின் போன் செய்து பிரேக் எப்படி இருக்கிறது டீச்சர் என்றான். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

கேஸ் கேட்கவில்லை, வரி கேட்கவில்லை, மோட்டார் கேட்கவில்லை. ஒரு கொத்துக் கீரையை உருவி முடித்தேன்.

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"சும்மாதான்."

போனை ஸ்பீக்கரில் போட்டு முறத்தின் மேல் சாய்த்து வைத்தேன். அங்கே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. இருமினார். கட்டில் முனகியது, படுத்துவிட்டார் என்று தெரிந்தது. நான் கீரையை உருவிக்கொண்டிருந்தேன்.

"மங்கை."

"ம்."

"ஊருக்கே போயிடறேன்னு மேனேஜர்கிட்ட பேசினேன். என் இடத்துக்கு ஆள் கிடைக்கிற வரைக்கும் இருந்து குடுத்துட்டுப் போன்னு சொல்றான்."

"எப்பக் கிடைப்பாங்களாம்?"

"அது தெரியல."

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்னொரு கொத்தை எடுத்தேன்.

"கீரை ஆயறியா?"

"ஆமா."

"வெச்சுடாத."

வைக்கவில்லை. கீரை முடிந்த பிறகும் வெறும் காம்பை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.